வக்கீல் சார் பதில்கள்: 101 வயதுத் தம்பி

சென்ற இதழில் திண்டுக்கல் வாசகர் ஒருவர், பிழைக்கப் போன ஊரில் காலூன்றி, பிள்ளைகள் காலத்திலும் அதே தொழிலில் நிற்கிற குடும்பம் ஒன்றைச் சொல்லச் சொன்னார். கலிஃபோர்னியாவில் வைன் ஆலை நடத்துகிற பீட்டர் மொண்டாவி குடும்பம் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், "இந்த வாரப் பக்கத்தை முழுசாக அவருக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார். கொடுத்துவிட்டேன். விவாகரத்து, ஜீவனாம்சக் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும். அதற்குள் சமாதானம் ஆகிவிட்டால் தகவல் தெரிவிக்கவும்.

வாசகி, கோவை: வக்கீல் சார், பையன் சாக்ரமெண்டோவில் இருக்கிறான். நாங்கள் போயிருந்தபோது நாபா என்ற திராட்சைப் பள்ளத்தாக்குப் பக்கம் காரில் கூட்டிப்போனான். செயின்ட் ஹெலினா என்ற ஊரில் ஒரு பழைய கல் கட்டடம், 'சார்லஸ் க்ரூக்' என்று பலகை. சுற்றிக் காட்டிய பெண், முதலாளி 101 வயது வரை இருந்தார் என்றாள். அவர்தான் நீங்கள் சொன்ன மொண்டாவியா? பிறகு ஏன் பலகையில் வேறு பெயர்? (குடிக்காதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று என் வீட்டுக்காரர் வண்டியை விட்டே இறங்கவில்லை.)

பதில்: அவரேதான். உங்கள் வீட்டுக்காரர் இறங்கியிருக்கலாம். கொடியைப் பார்த்தால் போதை ஏறாது.

பலகையில் இருக்கிற க்ரூக், பிரஷ்யாவிலிருந்து வந்தவர். 1861-ல் அங்கே வைன் ஆலை ஆரம்பித்தார். நாபாவிலேயே மிகப் பழைய ஆலை என்று அதைச் சொல்கிறார்கள். நிலம் அவர் சம்பாத்தியம் இல்லை, மனைவி கரோலினா பேல் கொண்டுவந்த சீதனம். மாமனார் கொடுத்த நிலத்தில் தொழில் தொடங்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். க்ரூக் 1892-ல் போய்விட்டார். பிறகு ஆலை கை மாறி, 1943-ல் 147 ஏக்கரோடு 75,000 டாலருக்கு மொண்டாவி குடும்பத்திடம் வந்தது. அவர்கள் பலகையை மாற்றவில்லை. நல்ல பெயரெடுத்த கடையை வாங்குகிறவன் பெயருக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுக்கிறான்!

வாங்கியவர் பீட்டரின் அப்பா செசரே மொண்டாவி. இத்தாலியில் மார்க்கே என்ற பகுதி, சாசோஃபெராட்டோ என்கிற மலையூர். அந்தப் பக்கத்தில் அப்போதெல்லாம் பாதி வாரம்தான்: விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு, மீதியில் குடும்பம் ஓட வேண்டும். நாலைந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவனாவது கப்பல் ஏறியே தீர வேண்டிய நிலைமை. செசரே 1906-ல் அமெரிக்கா வந்தார். வந்தவர் கலிஃபோர்னியாவின் வெயிலுக்கு வரவில்லை. வடக்கே மின்னசோட்டா மாநிலத்தின் இரும்புச் சுரங்கத்துக்கு, பனி உறையும் ஊருக்கு வந்தார். 1908-ல் ஊருக்குத் திரும்பிப்போய் ரோசா கிராசியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரையும் அழைத்துவந்தார். ரோசா வீட்டிலேயே சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார். ஆண் ஒரு சம்பளம் கொண்டுவந்தால், அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து இன்னொரு சம்பளம் எடுத்தார். இந்தக் குடும்பத்தின் முதல் மூலதனம் அந்த அடுப்பு என்பது என் கட்சி. கம்பெனி விளம்பரங்களில் திராட்சைதான் வரும், பாத்திரம் தேய்த்த கை வராது.

முதலில் இரண்டு பெண்கள், மேரியும் ஹெலனும். பிறகு 1913-ல் ராபர்ட், 1914 நவம்பர் 8-ல் கடைக்குட்டி பீட்டர். இந்தக் கடைக்குட்டிதான் 2016 பிப்ரவரி 20 வரை இருந்து, 101 வயதில் காலமானவர்.

வாசகர், கம்பம்: பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது திராட்சைக்காரர்களுக்கு யோகம் அடித்தது என்று யாரோ சொன்னார்கள். சாராயத்தைத் தடுத்தால் திராட்சைக்கு எப்படி யோகம்? கணக்கு இடிக்கிறதே?

பதில்: கணக்கு சரிதான், சட்டத்தின் ஓட்டையையும் சேர்த்துப் போட வேண்டும். 1920-ல் மதுவிலக்கு வந்தது, 1933-ல் போனது. நடைமுறைப்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டத்தில், வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு தயாரிக்க ஒரு விதிவிலக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் வருஷத்துக்கு 200 கேலன் வரை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள முடிந்தது. 200 கேலன் என்றால் ஏறக்குறைய 750 லிட்டர். அவ்வளவு சாற்றையும் சாறாகவே குடித்து முடிக்கும் குடும்பம் எது என்று சட்டம் எழுதியவர்கள் விசாரிக்கவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் அடுப்படிக்குள் எட்டிப்பார்ப்பதில்லை.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைன் இல்லாமல் இத்தாலியருக்கு இறங்காது. மின்னசோட்டாவில் திராட்சை எங்கே? ஆகவே அங்கிருந்த இத்தாலியர் சங்கத்துக்காரர்கள், "நீ போய் கலிஃபோர்னியாவில் பழம் வாங்கி ரயிலில் ஏற்றிவிடு" என்று செசரேயை அனுப்பினார்கள். போனவர் வெயிலைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். 1920-களின் தொடக்கத்தில் குடும்பத்தையே மூட்டை கட்டிக்கொண்டு லோடை என்ற ஊருக்கு வந்துவிட்டார். பழம் வாங்கிப் பெட்டியில் அடுக்கி ரயிலில் அனுப்புகிற தரகு வியாபாரம்.

உங்கள் தொழிலுக்குப் பயன்படுகிற ஒரு விஷயம். அந்தக் காலத்தில் நல்ல விலை போனது நல்ல வைன் தருகிற ஜாதி இல்லை. அலிகாந்தே பூஷே என்று ஒரு ஜாதி. தோல் தடிமன், சதையே சிவப்பு. ஐஸ் போட்ட ரயில் பெட்டியில் கண்டம் தாண்டி நியூயார்க் போனாலும் நசுங்காது. சாறு கறுஞ்சிவப்பாக இருப்பதால் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து இரண்டாம் தடவை ஊறவைத்தாலும் நிறம் வரும். எல்லோரும் நல்ல கொடிகளைப் பிடுங்கிவிட்டு இதை நட்டார்கள். 1920-களின் நடுவில் வரத்து கூடி விலை விழுந்தது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த லோடை வீட்டில் பையன்கள் இரண்டு பேருக்கும் கோடை லீவு என்பது சுத்தியல். பழப் பெட்டிக்கு ஆணி அடிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கின இரண்டு பேருக்கும், முதல் கூலி பலகைக்கும் ஆணிக்கும் வந்ததுதான்.

வாசகர், தஞ்சாவூர்: நீங்கள் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்காகவே நடத்தியவர் என்று கேள்வி. மொண்டாவி அண்ணன் தம்பி சண்டை ஒரு கோட்டுக்காக வந்தது என்று இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு கோட்டுக்காகவா இவ்வளவும்?

பதில்: கோட்டுக்காக இல்லை. ஆனால் கோட்டில்தான் வெடித்தது.

ஆலை கைக்கு வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ராபர்ட் விற்பனை, நிர்வாகம், ஊர் ஊராகப் போய்ப் பேசுவது. பீட்டர் ராணுவத்திலிருந்து திரும்பி 1946-ல் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஒருவருக்குச் செலவு செய்தால்தான் பெயர் வரும் என்ற எண்ணம். இன்னொருவருக்கு, இருக்கிறதைக் கட்டிக்காத்த பிறகு பெயரைப் பற்றி யோசிக்கலாம் என்ற எண்ணம். அப்பா இருந்தவரை இரண்டும் ஒரே வண்டியில் ஓடின. 1959-ல் செசரே காலமானார். தலைமை ரோசா அம்மாளிடம் வந்தது.

பிறகு வெள்ளை மாளிகை விருந்துக்கு ராபர்ட்டுக்கு அழைப்பு வந்தது. மனைவிக்கு மிங்க் என்கிற விலங்கின் ரோமக் கோட்டு வாங்கினார். 1965-ல் குடும்ப விசேஷம் ஒன்றில் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், கோட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, ஆலைக் கணக்கிலிருந்தா என்று பீட்டர் கேட்டார். இன்னொரு தரம் சொல்லிப் பார் என்றார் அண்ணன். தம்பி சொன்னார். அண்ணன் கை நீட்டிவிட்டார், ஒன்றுக்கு இரண்டாக. இரண்டு பேருக்கும் ஐம்பது வயது தாண்டியிருந்தது.

என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் பெரும்பாலோர், "சார், நாலு ஏக்கர் நஞ்சை" என்று ஆரம்பிப்பார்கள். காபி வரவழைத்துக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தால் நஞ்சை கரைந்துபோய், தங்கச்சி வளைகாப்புக்கு அண்ணி கட்டிவந்த பட்டுப்புடவை வெளியே வரும். பிராதில் அந்தப் புடவையை எழுத முடியாது, சர்வே நம்பரைத்தான் எழுத முடியும். ஆனால் ராஜி பேசப் போகும்போது அந்தப் புடவைக்கு வழி சொல்லாமல் ஒரு சென்ட் கூடப் பிரியாது. மொண்டாவி வழக்கைப் படிக்கும்போது எனக்குப் பழக்கமான வாடை அடித்தது. நாபாவில் புடவைக்குப் பதில் மிங்க், அவ்வளவுதான்.

அம்மா தம்பி பக்கம் நின்றார். ராபர்ட்டை ஆலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர் சும்மா இருக்கிற ஆளா? 1966-ல் அதே சாலையில் சில மைல் தெற்கே ஓக்வில்லில் தன் பெயரிலேயே ஆலை கட்டினார். பங்கு விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 1976-ல் தீர்ப்பு ராபர்ட்டுக்குச் சாதகமாக வந்தது. ரோசா அம்மாள் அந்த வருஷமே காலமானார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருக்க, தானும் ஒரு தரப்பாக இருந்து போனவர். வழக்கில் ஜெயித்த தரப்புக்காக நான் வாதாடிய நாட்களிலும், கோர்ட்டு வராந்தாவில் அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுப் பக்கம் பார்க்காமல்தான் போவேன்.

தீர்ப்புக்குப் பிறகு பேசி முடித்ததில், பீட்டர் பெரிய தொகை கொடுத்தார், நிலத்திலும் ஒரு பகுதியை விட்டார். க்ரூக் ஆலையை மட்டும் விடவில்லை. கடன் கழுத்தை நெரித்த வருஷங்கள் அவை. விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம், கேட்பார் இருந்தார்கள். தோற்ற பிரதிவாதி சொத்தை விற்று டிக்ரித் தொகையை, அதாவது கோர்ட்டு கொடுக்கச் சொன்ன பணத்தை, கட்டுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் சொத்தை வைத்துக்கொண்டு டிக்ரியைக் கட்டினார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

வாசகர், ஈரோடு: சார், நீங்கள் தம்பிக்காக வாதாடுகிறீர்கள். உலகத்துக்கே தெரிந்த பெயர் அண்ணன் ராபர்ட் மொண்டாவி. நாபாவை உலக வரைபடத்தில் வைத்தவர் அவர்தானே? தம்பி அப்பா சொத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வேறென்ன?

பதில்: முதல் பாதி முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ராபர்ட் இல்லாமல் இன்றைய நாபா இல்லை. ஆலைக்குள் ஜனங்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டினார், கச்சேரி நடத்தினார், பிரான்சின் பெரிய வீட்டுக்காரரான ஃபிலிப் டி ரோத்ஷில்டுடன் கூட்டு சேர்ந்து 'ஓபஸ் ஒன்' வைன் கொண்டுவந்தார். 1976-ல் பாரிஸில் பெயர் மறைத்துச் சுவைத்துப் பார்த்த போட்டியில் கலிஃபோர்னியா வைன்கள் பிரெஞ்சு வைன்களை முந்தினதே, அதில் ஜெயித்த இரண்டு வைன்களுக்குப் பின்னால் இருந்த வாரன் வினியார்ஸ்கி, மைக் கெர்கிச் இருவருமே ராபர்ட்டிடம் வேலை பார்த்தவர்கள்.

இரண்டாம் பாதிக்கு ஆட்சேபணை. பீட்டர் உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரம் படித்துவிட்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வெள்ளை வைனைக் குளிர வைத்து நொதிக்கச் செய்வது பற்றி ஆராய்ச்சி செய்தவர். சாறு நொதிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். சித்திரை வெயிலில் இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்கி வழிந்து புளிப்பேறுகிறதே, அந்தக் கதைதான். அன்றைய கலிஃபோர்னியாவில் வெள்ளை வைன் பலதும் அப்படிச் சூட்டில் அவசரமாக நொதித்து, வாசனை பறந்துபோய், பழுப்பேறித்தான் பாட்டிலுக்கு வரும். தொட்டியைக் குளிரவைத்து 10, 15 டிகிரி சென்டிகிரேடு பக்கம் வைத்தால் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும். நாட்கணக்கில் முடிகிற வேலை வாரக்கணக்கில் நடக்கும், பழத்தின் மணம் உள்ளேயே தங்கும். க்ரூக் ஆலைக்கு வந்ததும் பீட்டர் இதை வழக்கமாக்கினார். அதோடு, மிச்சமிருக்கும் ஈஸ்ட் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்காதபடி மிக நுண்ணிய வடிகட்டல். இலேசான இனிப்பை விட்டுவைத்து விற்க முடிந்தது இதனால்தான். 1950-களில் க்ரூக் ஆலையின் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை வைன் அப்படித்தான் ஓடியது. விற்றது அண்ணன் வாய்ச் சாமர்த்தியம், பாட்டிலுக்குள் இருந்தது தம்பி கை வேலை.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், கேஸ் கட்டில் இருக்கிற தேதிகளைத் தருகிறேன். 1993-ல் ராபர்ட்டின் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. அவருடைய மகன்களுக்கிடையிலும் ஒத்துப்போகவில்லை. 2004-ல் கான்ஸ்டெலேஷன் என்ற பெரிய மதுக் கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டது. பணம் கொட்டியது, சந்தேகமில்லை. ஆனால் ராபர்ட் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே ராபர்ட் குடும்பத்துக்கு அதிகாரம் இல்லாமல் போனது. வேறு ஆள் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே பீட்டரும் இரண்டு மகன்களும் முதலாளியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

வாசகர், திருநெல்வேலி: கடைசி வரை அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லையா?

பதில்: பேசினார்கள். 2005-ல் நாபாவில் நடந்த தரும ஏலத்துக்காக, இரண்டு குடும்பத்துத் திராட்சையையும் கலந்து ஒரே ஒரு பீப்பாய் வைன் செய்தார்கள். தொண்ணூறைத் தொட்டவர்கள் இருவரும். 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. 1965-ல் பிரிந்தவர்கள், நடுவில் நாற்பது வருஷம். ராபர்ட் 2008 மே மாதம் 94 வயதில் காலமானார். ஒரு பீப்பாய் போதுமா என்று உங்களைப் போலவே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பங்காளிகள் சேர்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதற்கே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பீப்பாய் பெரிது.

வாசகி, விருதுநகர்: 101 வயது வரை இருந்ததற்குத் தினமும் ஒரு கிளாஸ் வைன்தான் காரணமா? என் கணவர் கேட்கச் சொன்னார்.

பதில்: கேட்கச் சொன்னவர் யார் என்று எழுதாமலே தெரிந்திருக்கும். அம்மா, வைன் குடித்து அறுபதில் போனவர்கள் பட்டியலை எந்த ஆலையும் அச்சடிப்பதில்லை. பீட்டர் 90 வயதுக்குப் பிறகும் ஆலை அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தவர். வேண்டுமானால் அதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

வாசகர், காரைக்கால்: இத்தாலிக்காரர்கள் வெள்ளைக்காரர்கள். அமெரிக்காவில் அவர்களுக்கு என்ன கஷ்டம் இருந்திருக்கும்? நம்மவர்கள் மலேயாத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் போய்ப் பட்டதைப் போலவா?

பதில்: நம்மவர் பட்டதோடு தராசில் வைக்க மாட்டேன், இரண்டு தட்டுக்கும் அது அவமரியாதை. ஆனால் வெள்ளைத் தோல் அவர்களைக் காப்பாற்றியது என்று எண்ண வேண்டாம். 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் 11 இத்தாலியரைக் கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. விசாரணை நடந்தவர்களில் பலருக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்ற கோபத்தில் வந்த கும்பல். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம், வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த இத்தாலியரின் எண்ணிக்கையை 4,000-க்கும் கீழே வெட்டியது. செசரே 1906-ல் வந்ததால் வர முடிந்தது. இருபது வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் சாசோஃபெராட்டோவிலேயே வாரம் அளந்துகொண்டிருந்திருப்பார்.

அடுத்து யுத்தம். முசோலினி எதிர்ப் பக்கம். குடியுரிமை வாங்காத இத்தாலியர் ஏறக்குறைய 6 லட்சம் பேரை அமெரிக்கா 'எதிரி நாட்டு அந்நியர்' என்று பதிவு செய்தது. அடையாளப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சிற்றலை ரேடியோ, கேமரா எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தை அடித்து நாட்டையே கொண்டாட வைத்தவர். அவருடைய அப்பா சான் பிரான்சிஸ்கோவில் மீன்பிடித்துப் பிழைத்தவர். மறு வருஷம், அதே அப்பா மீன்துறைப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. மகன் படம் பேப்பரில், அப்பாவுக்குக் கடற்கரை தடை. 1942 அக்டோபரில் கொலம்பஸ் தினத்தன்று இந்த முத்திரையை நீக்கினார்கள். மறு வருஷம்தான் மொண்டாவி குடும்பம் க்ரூக் ஆலையை வாங்குகிறது. அந்த ஆண்டில் ஓர் இத்தாலியப் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதாமல் விட்டதற்கு வியாபார சூட்சுமம் மட்டும்தான் காரணமா என்று எனக்கு ஒரு ஐயம் உண்டு. சாட்சியம் இல்லாததால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

வாசகி, நாகர்கோவில்: என் தாத்தாவுக்கு 93 வயது. இளம் வயதில் கொழும்பில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். அவர் வாழ்க்கையைப் பதிவு செய்ய ஆசை. செல்போனை எதிரே வைத்து, "தாத்தா, இளைய தலைமுறைக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எப்படிக் கேட்பது?

பதில்: தாத்தா சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். கேள்விதான் மேடைக் கேள்வி.

மொண்டாவி சண்டையை மேலே எழுதினேனே, கோட்டு, அடி, எல்லாம். அது உலகத்துக்குத் தெரிந்தது எப்படி? 1998-ல் வந்த ராபர்ட்டின் சுயசரிதையில் அவரே எழுதினார். நம் கேஸ் கட்டில் வாதியின் பிராது இருக்கிறது. பிரதிவாதி அப்படி ஒரு புத்தகம் எழுதவில்லை. ஆனால் பெர்க்லி பல்கலைக்கழகத்து நூலகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1988-ல் பீட்டரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த தலைப்பு தொழில்நுட்பத்தையும் உற்பத்தியையும் பற்றியது. அண்ணன் மகிழ்ச்சி, குடும்பம், தத்துவம் என்று பேசுகிற ஆள். தம்பியிடம் தொட்டி, வடிகட்டி, குளிர்விக்கும் குழாய் என்று கேட்டால் பேச்சு வரும். கேட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

உங்கள் தாத்தாவும் தொட்டி-வடிகட்டி ரகம் என்று நினைக்கிறேன். அவரிடம் வேலையைக் கேளுங்கள், அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். முதல் மாதச் சம்பளம் கையில் வந்ததா, முதலாளி பற்றுவரவு நோட்டில் எழுதிக்கொண்டாரா? ஊருக்குப் பணம் அனுப்பியது தபாலிலா, ஊர்க்காரர் கையிலா? சிங்களம் யார் கற்றுக்கொடுத்தது, முதலில் கற்றது கெட்ட வார்த்தையா எண்ணிக்கையா? மசாலாச் சாமானை எடை போடும்போது எந்தப் படி, எந்தத் தராசு? உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். மகன்கள் முன்னால் எந்த அப்பாவும் பட்ட கடனைச் சொல்ல மாட்டார். பழைய பாஸ்போர்ட், ரசீது, போட்டோ எது இருந்தாலும் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். நடுவில் அவர் நிறுத்தினால் நீங்கள் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். குறுக்கு விசாரணையில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான்: சாட்சி மூச்சு வாங்கும்போது வக்கீல் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

தாத்தாவுக்கு யாருடனாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், அது பக்கத்து வீட்டுப் பாட்டியோ, மைத்துனரோ, அவரிடமும் போய் அதே சம்பவத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், தனித்தனியாகவே இருக்கட்டும்.

முதல் கேள்வியாக இதைக் கேட்டுப் பாருங்கள்: கொழும்புக் கடையில் ராத்திரி படுக்கை எங்கே? கல்லாப் பெட்டி ஓரமா, அரிசி மூட்டை மேலேயா? அங்கிருந்து அவரே போவார். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.